வளவில் நடன நிகழ்ச்சி: சென்னையிலிருந்து யாரை அழைப்பது, தரை எப்படி?

கேள்வி (காரைக்குடி)
தை மாதம் வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). முந்தின நாள் சாயங்காலம் சென்னைக் கலைஞர்களை வரவழைத்து நடனம் வைக்க எண்ணம். வளவு வாசல் (செட்டிநாட்டு வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றம்) 22க்கு 18 அடி, கல் தரை. சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்த சிமென்ட் ஓடு), தேக்குத் தூண்கள். சுமார் 120 பேர் பார்ப்பார்கள். பரதமா, குச்சிப்புடியா, நவீன நடனமா? கல்லிலேயே ஆடலாமா?

பதில் 1
கல்லில் ஆட விடாதீர்கள் அண்ணே. பரதத்தின் அடிப்படை அசைவான தட்டடவில் முழுப் பாதமும் தரையில் அறைகிறது. கல் அந்த அதிர்வை வாங்காது; குதிகாலும் முழங்காலும்தான் வாங்கும். ஆத்தங்குடிக் கல்லில் வேறு தொல்லை: தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்த தரையில் வியர்த்த கால் வழுக்கும். ஜமுக்காளம் அதைவிட மோசம், மண்டியிட்டு ஆடும் மண்டியடவில் திரும்பும்போது சுருண்டு காலை வாரிவிடும்.

3க்கு 2 அங்குல மரச் சட்டங்களை ஓரடிக்கு ஒன்றாகப் போட்டு, அடியில் ரப்பர் துண்டு வைத்து, மேலே 19 மி.மீ. பிளைவுட் அடியுங்கள். ஒருவர் ஆட 16க்கு 12 அடி போதும். 8க்கு 4 பலகை ஆறு. இரண்டு பலகை சேரும் விளிம்பு சட்டத்தின் நடுவில் விழ வேண்டும். தவறினால் ஒன்று அமுங்கி மற்றது தூக்கும், கால்விரல் இடிபடும். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போட்டுத் தலையைப் பலகைக்குள் அமிழ்த்துங்கள். பந்தல்காரர் தரும் உயரமான இரும்பு மேடை உள்ளே கூடாக இருப்பதால், தட்டுகிற சத்தமே மிருதங்கத்தை விழுங்கிவிடும்.

22 அடிப் பக்கத்தில் மிஞ்சும் 6 அடியில் பாட்டு, நட்டுவாங்கம் (தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது), மிருதங்கம், வயலின் உட்காரலாம். நட்டுவாங்கம் செய்பவர் கண்ணுக்கு ஆடுபவரின் பாதம் தெரிய வேண்டும், இடையில் எதுவும் மறைக்கக் கூடாது.

பதில் 2
என் தேர்வு தனி பரதம். பெரிய சபா அரங்கில் பின்வரிசைக்குக் கண் அசைவு எட்டாது; வளவில் எல்லோருக்கும் எட்டும். பந்தநல்லூர், வழுவூர் பாணிகளில் பயின்ற, அபிநயத்தில் தேர்ந்தவராகக் கேளுங்கள். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகங்கள் அழகுதான், ஆனால் அவற்றுக்கு அகலமும் பக்கவாட்டு நுழைவும் வேண்டும்; தூண்களுக்கு நடுவே நெருக்கியடிக்கும்.

குச்சிப்புடியில் தரங்கம் என்ற உருப்படியைக் கேட்டால் பித்தளைத் தட்டின் விளிம்பில் நின்று நகர்வார்கள். மேலே உபரியாக ஒரு பலகை போடுங்கள், தட்டு கீறும். நவீன நடனத்தில் படுத்தும் உருண்டும் ஆடுவது அதிகம். அதற்கு வினைல் விரிப்பும் தனி விளக்கமைப்பும் தேவை. இந்த இடத்துக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
நன்றி. தேதியும் நேரமும்?

பதில் 3
தை முதல் பாதி நல்லது. மார்கழி சீசனும் மியூசிக் அகாடமியின் ஜனவரி நடன விழாவும் முடிந்திருக்கும், சிவராத்திரியில் கோயில்களில் நடக்கும் நாட்டியாஞ்சலி விழாக்களுக்கு இன்னும் நாள் இருக்கும். ஆவணியிலேயே பேசி வையுங்கள். பல்லவன் ரயிலில் வந்தால் இரவுதான் இறங்குவார்கள். ஆகவே நடனத்துக்கு முந்தின நாளே வரவழையுங்கள். ஒப்பனைக்கு இரண்டு மணி நேரமும், கண்ணாடியும் வெளிச்சமும் உள்ள அறையும் வேண்டும்.

மொத்தம் 75 நிமிடம் போதும்: அலாரிப்பு 5, வர்ணம் 35, இரண்டு பதம் 25, தில்லானா 10. ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். திறந்த வாசலில் தைப் பனி இறங்கினால் பலகை ஈரமாகும், அதுவும் வழுக்கும். தொடங்கும்வரை தார்ப்பாய் மூடியிருக்கட்டும். குத்துவிளக்கைப் பலகையின் மேல் வைக்காதீர்கள், எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினாலும் போதும்.