துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் தொலைநோக்கியை எப்படி நிலைநிறுத்துவது?

உப்பளத்தூரான்:
வாலிநோக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் 130 மி.மீ. எதிரொளிப்புத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன், ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் சுழல்வதற்கு ஏற்ப ஒரே அச்சில் குழாயைத் திருப்பும் தாங்கி). துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைத் திருப்பு என்கிறது கையேடு. இங்கே அது தொடுவானிலிருந்து 9 பாகை உயரம்தான். வடக்கே முழுக்கச் சீமைக்கருவேலம், அதற்கு மேல் புழுதி. கண்ணிலேயே படுவதில்லை. அச்சின் உயரத்தைக் காட்டும் மவுண்டின் அளவுகோல் 15 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. எதிர் எடைத் தண்டு வேறு முக்காலியின் வடக்குக் காலில் முட்டுகிறது. இன்னொன்று, ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து எனக்கு வெறும் வெளிறிய புள்ளியாகத்தான் தெரிகிறது. வழி சொல்லுங்கள்.

சேதுக்கரை:
கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறதே தம்பி. வடக்கு பார்த்து வைத்துவிட்டுப் பாருங்கள். நிலாவுக்கும் சனிக்கும் அது போதும்.

மண்டபம் டீச்சர்:
நிலாவுக்குப் போதும், உண்மைதான். ஆனால் தம்பி ஒரே பொருளை நெடுநேரம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறார் என்று தோன்றுகிறது. அதற்குத் திசைகாட்டி போதாது. இரும்புக்குப் பக்கத்தில் அதன் சொல்லை நம்பவும் முடியாது.

முதலில் முக்காலி. ஒரு கால் வடக்கே இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மவுண்டின் தலை தனியாகச் சுழலும் வகை என்றால், முக்காலியைத் திருப்பி ஒரு காலைத் தெற்கே வையுங்கள். வடக்குப் பக்கம் இரண்டு கால்களுக்கு இடையே வெளி கிடைக்கும், தண்டு முட்டாது. பிறகு அந்தத் தெற்குக் காலை மட்டும் நீட்டுங்கள். மவுண்ட் வடக்கே சாய, 15 பாகை 9 ஆக இறங்கும். ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்கவே வேண்டாம். அச்சு வானத்தின் துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதாகத் தோன்றும் மையத்தை, நோக்கினால் போதும், முக்காலி சாய்ந்திருப்பதால் கெடுதல் இல்லை. கவிழாமல் இருக்க நடுவில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள்.

வடக்கைக் கண்டுபிடிக்கத் தூக்குக்குண்டும் வெயிலும் போதும். டிசம்பர் 25 வாக்கில் உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் கற்பனைக் கோடு) கடப்பது ஏறக்குறைய 12 மணி 15 நிமிடத்துக்கு. அப்போது நூலின் நிழல் விழும் கோடுதான் வடக்கு தெற்கு. மாடித் தரையில் அதைப் பெயின்ட்டால் வரைந்துவிடுங்கள், என்றைக்கும் உதவும். ஏப்ரல் நடுவில் இதைச் செய்ய முடியாது. அப்போது சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால் நண்பகலில் நிழலே விழாது.

இனி விண்மீன்களை வைத்துத் திருத்தலாம். ஏப்ரல் நடுவில் இரவு 9 மணிக்குச் சற்று முன்பு மகம் உச்சிக்கோட்டில் இருக்கும். அதை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) நடுவில் நிறுத்தி, கிழக்கு மேற்கு நகர்வை மட்டும் கைப்பிடியால் ஈடுசெய்துகொண்டே பாருங்கள். மகம் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் நேர்மாறு. அடுத்துக் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும் சித்திரை விண்மீனைப் பிடியுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. ஐபீஸில் தெற்கு எது என்று குழம்பினால், குழாயை மெல்ல வடக்கே தள்ளுங்கள். விண்மீன் நகரும் பக்கம்தான் தெற்கு.

துருவ நட்சத்திரமே தெரிந்தாலும் அது உண்மையான துருவத்திலிருந்து அரைப் பாகைக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. அதனால் அது தெரியவில்லையே என்று வருந்தாதீர்கள்.

உப்பளத்தூரான்:
மிக்க நன்றி டீச்சர். காலைத் திருப்பியதும் தண்டு முட்டவில்லை. ஒமேகா சென்டாரிக்கு என்ன செய்வது?

தொண்டி நாட்டுப்படகு:
அதற்குக் கண்ணைத்தான் பழக்க வேண்டும் தம்பி. இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் அவ்வளவும் வீண். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். நேராகவும் உற்றுப் பார்க்காதீர்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. வலக்கண்ணால் பார்க்கும்போது பொருளுக்குச் சற்று வலப்புறம் பாருங்கள், இடக்கண் என்றால் இடப்புறம். மாற்றிப் பார்த்தால் கண்ணின் குருட்டுப் புள்ளியில் விழுந்து மறைந்துவிடக்கூடும்.

மே நடுவில் இரவு 10 மணி வாக்கில் ஒமேகா சென்டாரி தெற்கே கடலுக்கு மேல் 33 பாகை வரை ஏறும். லண்டனில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள், 17,000 ஒளியாண்டு தூரத்தில்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் கடலில் வெளிச்சமும் குறைவு. அதற்குள் வரும் அமாவாசையைத் தவறவிடாதீர்கள்.

மண்டபம் டீச்சர்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடற்காற்றில் கண்ணாடி மேல் உப்புப் படியும். துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். பார்த்து முடித்ததும் மாடியிலேயே மூடியைப் போட்டுவிட்டுக் கீழே கொண்டுபோங்கள்.