காலையில் பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை, ஹேண்ட் பம்ப் அடித்தால் ஆகிறது: டீசல் பம்ப்பைக் கழட்டத்தான் வேண்டுமா?

லோடுவண்டி08:
வணக்கம். 2008 மாடல் டீசல் பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு அடிக்கிறேன். ராத்திரி நிறுத்திட்டு விடிகாலை 3 மணிக்கு எடுத்தால் செல்ஃப் நல்லாச் சுத்துது, இன்ஜின் பிடிக்கல. ஃபில்டர் மேல இருக்கிற ஹேண்ட் பம்ப்பை 20, 30 தடவை அமுக்கினால் பிடிச்சுக்குது. பகல் முழுக்கத் தொந்தரவே இல்லை. இன்ஜினுக்கு டீசல் தள்ளுற மெயின் பம்ப்பைக் கழட்டணும், 30,000 ஆகும்னு பட்டறையில் சொல்றாங்க. தக்காளி விலை இருக்கிற நிலைமையில் அவ்வளவு புரட்ட முடியாது. அதுக்கு முன்னாடி என்ன பார்க்கலாம்?

பழையமிஸ்திரி:
கழட்டாதீங்க தம்பி. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருதா? டீசல் ஃபில்டர் எப்போ மாத்துனீங்க?

லோடுவண்டி08:
புகையே இல்லண்ணா. ஹேண்ட் பம்ப் அடிச்சப்புறம்தான் கொஞ்சம் வெள்ளையா வருது. ஃபில்டர் மாத்தி மூணு வாரம். யோசிச்சா, அதுக்கப்புறம்தான் இந்தத் தொல்லை. ஆனா கீழே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகலையே?

பழையமிஸ்திரி:
ஒழுகாது. டேங்க்கில் இருந்து பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சித்தான் வருது. அந்த வழியில் எங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். ராத்திரி நிக்கும்போது லைனில் இருக்கிற டீசல் மெதுவா டேங்க்குக்கே இறங்கிடும். காலையில் பம்ப்புக்குக் கிடைக்கிறது வெறும் காத்து. புகை இல்லாததுக்குக் காரணம் அதான்: இன்ஜினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற நாசிலுக்கு டீசலே போகல.

பம்ப் தேஞ்சிருந்தா பெரும்பாலும் சூடான இன்ஜினை நிறுத்தி எடுக்கும்போதுதான் அடம்பிடிக்கும். உங்களுக்கு நேர்மாறா இருக்கு.

கண்ணாடி மாதிரி தெரியிற டீசல் ஹோஸ் ஒரு முழம் வாங்குங்க. முதலில் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே மாட்டி ஓடவிடுங்க, குமிழ் வருதான்னு பாருங்க. வந்தா அதையே டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே மாத்துங்க. அங்கேயும் வந்தா டேங்க் பக்கத்து ஹோஸ், கிளிப். அங்கே இல்லைன்னா ஃபில்டரேதான்: காப்பர் வாஷர், டீசலில் சேர்ற தண்ணி எடுக்கிற திருகோட ரப்பர் ரிங், ஹேண்ட் பம்ப்புக்குள்ள இருக்கிற ரப்பர் தகடு (டயாப்ரம்).

மலையடிவாரம்:
ஒரு வேண்டுகோள். அவசரத்தில் ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சிடாதீங்க. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் உள்ளே சூடேத்துற பிளக்) இருக்கிற இன்ஜினில் அது நேரங்கெட்ட நேரத்தில் வெடிச்சு, பிஸ்டன் உடைஞ்சதைப் பார்த்திருக்கேன். செல்ஃபையும் 10 விநாடிக்கு மேல விடாம அடிக்காதீங்க, எரிஞ்சுபோகும்.

லோடுவண்டி08:
அண்ணா, கிடைச்சிடுச்சு. ஃபில்டருக்கு அப்புறம் குமிழ் வரிசையா வருது, முன்னாடி ஒண்ணுகூட இல்லை. தண்ணி எடுக்கிற திருகைப் பழைய ஃபில்டரில் இருந்து கழட்டி அப்படியே புதுசில் போட்டிருக்காங்க, ரிங் வெடிச்சுக் கிடந்தது. 20 ரூபாய் ரிங். காப்பர் வாஷரும் புதுசு போட்டேன். நாலு நாளா முதல் செல்ஃபிலேயே பிடிக்குது. ரொம்ப நன்றிண்ணா. பிடிச்சதும் அரை நிமிஷம் வெள்ளைப் புகை வருது, அது என்ன?

பழையமிஸ்திரி:
அது ஹீட்டர் பிளக்கா இருக்கலாம். பிளக்குக்கு வர்ற வயரைக் கழட்டிட்டு, டெஸ்ட் லாம்ப்போட ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் பிடிச்சு, மறுமுனையைப் பிளக் தலையில் வைங்க. எந்தப் பிளக்கில் எரியலையோ அதை மட்டும் மாத்தினாப் போதும்.