ஓ.டி. ஓஃப் லைற் விட்டு விட்டு மின்னுது, டி-யில இழுவை இல்லை. கியர்பொக்ஸ் போயிட்டுதோ?

கிளிநொச்சி சேர்ஃப்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது 1994 டொயோட்டா ஹைலக்ஸ் சேர்ஃப், 3.0 டர்போ டீசல், 4 கியர் ஓட்டோ. அப்பா வாங்கினது. வயல், குளக்கட்டு எண்டு இவ்வளவு நாளும் எங்களைக் கைவிட்டதில்லை.

போன மாரி மழைக்குப் பிறகுதான் இந்தப் பிரச்சினை. ஓடிக்கொண்டிருக்கேக்க டாஷ்போட்டில ஓ.டி. ஓஃப் (ஓவர்டிரைவ், அதாவது நாலாம் கியர், ஓஃப்) லைற் மின்னத் தொடங்கும். அதோட லீவரை டி-யில (சாதாரணமா ஓடுற நிலை) போட்டு, நிண்டு புறப்பட்டால் வண்டி மலை ஏறுற மாதிரி முக்கி முக்கித்தான் எழும்பும். எல்-ல (தாழ்ந்த கியர்) போட்டால் பழையபடி நல்லா இழுக்குது. நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் சில நேரம் எல்லாம் சரி, பிறகு ஒரு பள்ளத்தில விழுந்தால் திரும்பவும் மின்னும்.

கராஜில காட்டினன். கியர்பொக்ஸை இறக்கி வேற ஒண்டு போடவேணும் எண்டு சொல்லிப்போட்டினம். அவ்வளவு காசு இப்ப என்னட்ட இல்லை. ஒயில் சிவப்பாத்தான் இருக்கு, கருகின மணம் இல்லை. என்ன செய்யலாம்?

வவுனியா டீசல்:
தம்பி, கியர்பொக்ஸை இறக்க விடாதேங்கோ. நீங்கள் எழுதினதிலயே பாதி விடை இருக்கு. பள்ளத்தில விழேக்க வந்து, நிப்பாட்டி எடுக்கேக்க மறையிற வருத்தம் கிளச் தட்டுத் தேய்ஞ்சு வாறதில்லை. அது அநேகமா வயர்.

முதல்ல ஒண்டைப் பிரிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ. ஏ.டி. ஒயில் டெம்ப் எண்ட லைற் வேற, அது ஒயில் சூடேறினதைச் சொல்லுறது. ஓ.டி. ஓஃப் மின்னுறது, கியரை மாத்துற கொம்பியூட்டர் ஏதோ ஒரு சென்சரையோ சொலனொயிட்டையோ (கியர் மாத்த ஒயில் வழியைத் திறந்து மூடுற மின் வால்வ்) காணேல்லை எண்டு சொல்லுறது. அது என்னத்தைக் காணேல்லை எண்டு அதிட்டயே கேக்கலாம். ஸ்கானர் தேவையில்லை, ஒரு துண்டு வயர் போதும்.

பொனட்டைத் திறந்தால் டயக்னோசிஸ் எண்டு எழுதின சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடிக்கு உள்பக்கம் பின் பேர்கள் இருக்கு. டி.ஈ.1, ஈ1 இரண்டையும் வயரால தொடுங்கோ. வேற பின்னில தவறிக் குத்தவேண்டாம், பேரை இரண்டு தரம் பாருங்கோ. லீவரில இருக்கிற ஓ.டி. பட்டன் ஓன் நிலையில இருக்கவேணும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணுங்கோ. லைற் மின்னுறதை எண்ணுங்கோ: முதல் பத்தின் இலக்கம், கொஞ்ச இடைவெளி, பிறகு ஒண்டின் இலக்கம். விடாமல் ஒரே சீராய் வேகமா மின்னினால் கோளாறு பதிவாகேல்லை.

அந்த இரண்டு இலக்கமும் சேந்ததுதான் கோளாறு எண், கோட் எண்டுறது. 42 எண்டால் முதலாவது வேக சென்சர், 61 இரண்டாவது வேக சென்சர். 62 முதலாம் சொலனொயிட், 63 இரண்டாம் சொலனொயிட், 64 லொக்-அப் சொலனொயிட். பற்றரியைக் கழட்டிப்போடாதேங்கோ, பதிவு அழிஞ்சிடும்.

கிளிநொச்சி சேர்ஃப்:
அண்ணை, மூண்டு தரம் எண்ணினன். ஆறு, பிறகு இரண்டு. 62 மட்டும்தான்.

மஸ்கட் 80:
வணக்கம். நான் மதுரைக்காரன், இங்கே மஸ்கட்டில் பழைய 80 சீரிஸ் லேண்ட் க்ரூசர்களில் வேலை செய்கிறேன். இதே கோளாறு எண்கள்தான் அவற்றிலும்.

62 என்றால் உங்கள் அறிகுறி அப்படியே பொருந்துகிறது. முதல் கியரில் முதலாம் சொலனொயிட் மட்டும் ஓன், இரண்டாம் கியரில் இரண்டும் ஓன், மூன்றில் இரண்டாவது மட்டும் ஓன், நான்கில் இரண்டும் ஓஃப். முதலாவது செத்துவிட்டால் கம்ப்யூட்டரிடம் மிஞ்சுவது மூன்றும் நான்கும்தான். அதனால்தான் டி-யில் மூன்றாம் கியரில் கிளம்பி முக்குகிறது. எல்-இல் வால்வ் பாடியே (கியர்பாக்ஸுக்குள் ஒயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) முதல் கியரைக் கொடுக்கும், அதனால் இழுக்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன், இதைத்தான் நான் எப்போதும் முதலில் செய்வேன். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் சொலனொயிட் வயர் வெளியே வரும் இடத்தில் உள்ள கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சமதளப் பாதையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மின்சாரமே இல்லாதபோது டி-யில் நான்காம் கியர், 2-இல் மூன்றாம் கியர், எல்-இல் முதல் கியர் வரவேண்டும். மூன்றும் ஒழுங்காக வந்தால் உள்ளே இருக்கும் இரும்பைச் சந்தேகப்படத் தேவையில்லை.

யாழ் மீட்டர்:
ஒயிலை முழுக்க ஃபிளஷ் பண்ணிப் பாருங்கோவன்? என்ர மாமாவின்ர வண்டிக்கு அதோட சரி வந்தது.

வவுனியா டீசல்:
இப்ப வேண்டாம் தம்பி. 62, 63, 64 வயர் அறுந்தாலோ ஷோர்ட் ஆனாலோதான் பதியும். வால்வ் ஊத்தையில இறுகினால் கொம்பியூட்டருக்குத் தெரியாது. கோட் வந்திருக்கு எண்டால் ஒயிலில தேடுறது வீண்.

சேர்ஃப் தம்பி, மஸ்கட் அண்ணர் சொன்ன ஓட்டத்தைச் செய்யுங்கோ. பிறகு பற்றரி மைனஸைக் கழட்டிப்போட்டு மீற்றரை ஓம்ஸில வையுங்கோ. கியர்பொக்ஸ் பக்கக் கனெக்டரில ஒவ்வொரு சொலனொயிட் பின்னுக்கும் வண்டியின்ர இரும்புப் பொடிக்கும் (எர்த்) இடையில 11 இல இருந்து 15 ஓம்ஸ் காட்டவேணும். பிறகு கனெக்டரைப் பூட்டி, கொம்பியூட்டர் பிளக்கைக் கழட்டி, அந்தப் பிளக்கில திரும்ப அளந்து பாருங்கோ. அளக்கேக்க ஒராளை விட்டு வயரைக் கீழ ஆட்டச் சொல்லுங்கோ. ஆட்டாமல் அளந்தால் இந்த வருத்தம் பிடிபடாது.

கிளிநொச்சி சேர்ஃப்:
நேற்று முழுக்க இதோடதான். டி, 2, எல் மூண்டும் நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. அம்மாவுக்கு அதைச் சொல்லேக்க எனக்குக் கண் கலங்கிட்டுது.

கியர்பொக்ஸ் பக்கம் மூண்டு சொலனொயிட்டும் 13 ஓம்ஸ் மட்டில. கொம்பியூட்டர் பக்கத்தில இரண்டு சரி, முதலாவது மட்டும் 13 காட்டும், தம்பி கீழ வயரை ஆட்ட ஒண்டுமே இல்லை. பிடிச்சாச்சு!

கீழ படுத்துப் பாத்தால், போன வருசம் ட்ரான்ஸ்பர் கேஸ் (முன் பின் சில்லுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி) சீல் மாத்தேக்க வயரைப் பிடிக்கிற கிளிப்பைத் திரும்பப் போடேல்லை. கட்டு தொங்கி ஒரு பிராக்கெட்டில உரஞ்சிக் கிடக்கு. ஒரு வயர் தோல் போய், செம்பு பச்சைப் பொடியா உதிருது.

மஸ்கட் 80:
அருமை. முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள், அடுத்த மழையில் திரும்பும். செம்பு பளபளப்பாக வரும்வரை இரண்டு பக்கமும் வெட்டி, அதே தடிப்பில் புது வயர் துண்டு வைத்துச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். பக்கத்து வயர்களின் தோலையும் தடவிப் பாருங்கள். கனெக்டரைக் கிளீனர் அடித்துக் காயவிட்டுப் பூட்டுங்கள்.

கிளிநொச்சி சேர்ஃப்:
செய்தாச்சு. பற்றரி மைனஸ் கழண்டு கிடந்ததால பழைய கோட் தானா அழிஞ்சிட்டுது. குளக்கட்டால இரணைமடு வரைக்கும் போய் வந்தன், எல்லாப் பள்ளமும் விழுத்தி. லைற் மின்னேல்லை, நாலு கியரும் ஒழுங்கா ஏறுது. திரும்ப டி.ஈ.1 தொட்டுப் பாத்தன், சீரா வேகமாத்தான் மின்னுது.

ஒரு கேள்வி மட்டும்: அந்தக் கிளிப் இங்க கிடைக்குதில்லை. பிளாஸ்டிக் கட்டுப் போட்டிருக்கிறன், காணுமோ?

வவுனியா டீசல்:
சைலன்சர் குழாய்க்குக் கிட்ட எண்டால் உருகும். ரப்பர் வைச்ச இரும்புக் கிளாம்ப் எந்த ஹார்ட்வெயார் கடையிலயும் இருக்கு, அதை இரண்டு இடத்தில போடுங்கோ. என்ஜின் உதறேக்க வயர் இழுபடாமல் கொஞ்சம் தளர்த்தி விடுங்கோ.