கொலராடோவில் எல்க் மான் வேட்டை: குலுக்கல் இல்லாமல் டேக் (வேட்டை உரிமம்) கிடைக்குமா?

டெக்சாஸ்வாசி: குலுக்கலுக்கு விண்ணப்பிக்க மறந்துவிட்டேன். அக்டோபரில் கொலராடோ போக ஆசை. நேரடியாக டேக் வாங்க முடியுமா? வில், துப்பாக்கி இரண்டும் கைவசம் உண்டு.

மலைக்கிறுக்கன்: வில்லை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2025 முதல் மேற்கு மலைப்பகுதிகளில் வெளிமாநிலத்தவருக்கு வில் வேட்டை டேக் குலுக்கலில்தான். துப்பாக்கிக்கு இரண்டாம், மூன்றாம் வேட்டைப் பருவங்களைப் பாருங்கள், அவற்றுக்கு டேக்கை நேரடியாக வாங்கலாம். ஆண் எல்க் மட்டும். கொம்பின் ஒரு பக்கத்தில் நான்கு கிளை, அல்லது ஐந்து அங்குல நெற்றிக்கிளை இருக்க வேண்டும். போன முறை விடியற்காலையில், மூச்சுப் பட்டு மங்கிய தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்து மூன்று கிளைதான் எண்ண முடிந்தது. சுடவில்லை. இன்றும் வயிறு எரிகிறது!

டெக்சாஸ்வாசி: தனியாகப் போகலாமா?

மலைக்கிறுக்கன்: போகலாம், இறைச்சியைச் சுமக்கத்தான் ஆள் வேண்டும். எலும்போடு ஒரு பின்னந்தொடையே 25 கிலோவைத் தாண்டும். முன்பொரு முறை நான் நான்கு நடை நடந்தேன், முழங்கால் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆரஞ்சுச்சட்டை: 1949-இலோ பிறகோ பிறந்தவரென்றால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். அதை முதலில் தேடி எடுங்கள்.