காவலுக்கு வாங்கிய கூஸ் வாத்து கோழிகளையே விரட்டுகிறது – என்ன செய்யலாம்?

கேள்வி: செக்கானூரணியிலிருந்து

வணக்கம். வீட்டுக் கொல்லையில் இருபது நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. பகலில் கீரி, இரவில் மரநாய். பொரிக்கும் குஞ்சுகளில் பாதிகூடத் தேறுவதில்லை. ஒரு கூஸ் வாத்து நின்றால் எதுவும் அண்டாது என்று திருமங்கலம் சந்தையில் சொன்னார்கள். வளர்ந்த ஆண் ஒன்றை வாங்கி வந்து கொல்லையில் விட்டோம். வெள்ளை நிறம், அலகுக்கு மேலே எலுமிச்சை அளவுக்குக் குமிழ்.

இப்போது இரண்டு தொல்லைகள். தீவனத் தட்டுப் பக்கம் எந்தக் கோழியையும் விடுவதில்லை. கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வருகிறது. சேவலுக்கு இறக்கையால் ஓர் அடி விழுந்ததிலிருந்து அது கூரையை விட்டு இறங்க யோசிக்கிறது. இரண்டாவது, அந்தி சாய்ந்தால் பெட்டைகள் கூண்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறிவிடுகின்றன. மரநாய்க்கு இலை போட்டுப் பரிமாறியதுபோல் ஆகிவிட்டது. அம்மா விற்றுவிடச் சொல்கிறார். பழகிவிடுமா, விற்றுவிடலாமா?

பதில்: மேலூரிலிருந்து

விற்பதற்கு முன் மூன்று விவரங்கள் சொல்லுங்கள் தம்பி. இரவில் வாத்து எங்கே படுக்கிறது? கூண்டுக்கு எத்தனை வாசல்? கொல்லையில் பச்சைப் புல் இருக்கிறதா?

கேட்டவர்

கூண்டு வாசலிலேயே படுக்கிறது அண்ணன். அதைப் பார்த்து நல்ல காவல் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டோம். வாசல் ஒன்றுதான். புல் கிடையாது, செம்மண் தரை, தினமும் பெருக்கிவிடுவோம்.

பதில்: மேலூரிலிருந்து

அப்படியானால் உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் நீங்களே எழுதியதில் இருக்கிறது. கோழி உயரத்தில் ஏறி அடையும். கூஸ் தரையில்தான் படுக்கும். இருக்கிற ஒரே வாசலில் நான்கைந்து கிலோ எடையுள்ள வாத்து படுத்துக்கொண்டால், ஒன்றரைக் கிலோப் பெட்டை அதைத் தாண்டி எப்படி உள்ளே போகும்? வாத்துக்குக் கூண்டை ஒட்டித் தனியாக ஒரு அடைப்பு போடுங்கள். நடுவில் கம்பி வலை மட்டும் இருக்கட்டும், ஒன்றையொன்று பார்க்கட்டும். கோழிகள் அடைந்து கூண்டுக் கதவைச் சாத்தும்வரை வாத்து வெளியே வரக் கூடாது.

பதில்: சோழவந்தானிலிருந்து

மேலூர் அண்ணன் சொல்வது சரி. தீவனச் சண்டையைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் வாய்க்கால் வரப்பெல்லாம் புல், அதனால் கூஸ் வளர்ப்பது சுலபம். கூஸ் ஆடுமாடு மாதிரி மேயும் பிராணி. நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெருக்கித் துடைத்த கொல்லையில் அதற்குத் தின்ன இருப்பது உங்கள் தீவனத் தட்டு ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்குமா? காலையில் அருகம்புல் ஒரு கட்டு, அகத்திக் கொழுந்து, கீரைக் கழிவு என்று வேறொரு மூலையில் போடுங்கள். கோழித் தீவனத்தை இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தை அது வயிறு முட்டத் தின்பது நல்லதுமில்லை; அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முட்டையிடாத ஆணுக்கு அது வேண்டியதில்லை.

தண்ணீரும் தனி. குளம் வெட்ட வேண்டாம். தலையை முழுக்க அமிழ்த்தி மூக்கையும் கண்ணையும் அலசிக்கொள்ளும் ஆழத்தில் ஒரு தொட்டி போதும். ஆனால் கூண்டிலிருந்து தள்ளி வையுங்கள். வாயில் தீவனத்தோடு போய்த் தண்ணீரைக் கலக்கிச் சுற்றிலும் சேறாக்கிவிடும். கூண்டில் பரப்பிய உமி ஈரமானால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரக்கூடும்.

பதில்: வாடிப்பட்டியிலிருந்து

ஒற்றை வாத்துக்குத் துணையில்லாத ஏக்கம், அதனால்தான் இந்த முரட்டுத்தனம். ஒரு பெட்டை வாங்கி விடுங்கள், அடங்கிவிடும்.

பதில்: சோழவந்தானிலிருந்து

மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு உடன்பாடில்லை. ஜோடி சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்றுதான் காக்கும், கோழிகளைக் கண்டுகொள்ளாது. அதுவும் பெட்டை முட்டையிடும் காலத்தில் ஆண் வாத்து கொல்லைக்குள் யாரையும் விடாது. தீவனம் போடப் போகும் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முட்டைக்கும் குஞ்சுக்கும் என்றால் ஜோடி வளருங்கள். கோழிக் காவலுக்கு ஒற்றைதான். குஞ்சாகவே வாங்கிக் கோழிகளோடு வளர்த்திருந்தால் கோழிக் கூட்டத்தையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு வாங்கிய வாத்தும் பழகும், ஆனால் நாளாகும்.

பதில்: திருப்பரங்குன்றத்திலிருந்து

சந்தைச் சரக்கு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். சந்தையிலிருந்து எந்தப் பறவை வந்தாலும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்த பிறகே கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். கூஸ் பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்துகொண்டே கோழிகளைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோயின் கிருமியைச் சுமந்து வரலாம். உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதென்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே கேளுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம்.

பதில்: உசிலம்பட்டியிலிருந்து

எல்லோரும் பழக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பழகினாலும் மரநாயை அது என்ன செய்துவிடும்? மரநாய் கூரை ஓடுகளைப் பிரித்து மேலே இருந்து இறங்கும். வாத்து கத்தும், அவ்வளவுதான். கத்தும்போது நீங்கள் டார்ச் எடுத்து வெளியே வந்தால்தான் காவல். கீரியையும் காக்கையையும் பகலில் துரத்தும், அதை நான் பார்த்திருக்கிறேன். தெருநாய் இரண்டு சேர்ந்து வந்தால் முதலில் சாவது வாத்துதான். ஆகவே கூண்டின் மேற்புறத்துக்கும் கம்பி வலை அடியுங்கள். மெல்லிய கோழி வலை வேண்டாம், மரநாய் கடித்துப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள். இரவில் வாத்தையும் அடைப்புக்குள் போட்டுப் பூட்டுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தென்னை மட்டையும் பழைய வலையும் வைத்துக் கூண்டை ஒட்டி அடைப்பு கட்டிவிட்டோம். முருங்கையில் ஏறிய கோழிகளை இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கூண்டுக்குள் விட்டோம்; இப்போது பெரும்பாலானவை தாமாகவே அடைகின்றன. இரண்டு மட்டும் இன்னும் மரம்தான். தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. அருகம்புல் கட்டைப் பார்த்தால் வாத்து தீவனத் தட்டை மறந்துவிடுகிறது. சேவல் மட்டும் சமாதானத்துக்கு வரவில்லை.

இன்னொரு சந்தேகம். என்னைப் பார்த்தால் ஒதுங்கும் வாத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகளை மட்டும் துரத்துகிறது. ஏன்?

பதில்: மேலூரிலிருந்து

பாப்பா ஓடுகிறாள், அதனால் துரத்துகிறது. கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால் வேடிக்கை; தாழ்த்தி நீட்டினால் தாக்க வருகிறது என்று சொல்லிக்கொடுங்கள். அப்போது முதுகைக் காட்டாமல் நின்ற இடத்தில் நின்று, கையில் இருக்கும் பையை விரித்துப் பிடிக்கட்டும். தன்னைவிடப் பெரிதென்றால் பெரும்பாலும் விலகிவிடும். அது பழகும்வரை பாப்பா தனியாகக் கொல்லைப் பக்கம் போக வேண்டாம். அந்த அலகு கவ்வினால் இரத்தம் கட்டிவிடும். சேவலை விட்டுவிடுங்கள், அவையே பேசித் தீர்த்துக்கொள்ளும்.