மாசி மாதக் கணக்கு: 146 கிலோமீட்டர், ஒரு மலை, இரண்டு வலி

திருவொற்றியூர் தேரடி:

மாசி முடிந்துவிட்டது. நேற்று இரவு ஓட்ட நோட்டைக் கூட்டிப் பார்த்தேன், 146 கிலோமீட்டர் வந்தது. தை கடைசியில் 200 என்று எழுதி வைத்திருந்தேன். முதல் வாரம் 46, இரண்டாவது வாரம் 54, மூன்றாவது வாரம் ஏலகிரி ஓட்டத்தின் 25-ஐயும் சேர்த்து 37, கடைசி வாரம் வெறும் 9. அந்த 54 எப்படி 9 ஆனது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். நம்ம பக்கம் ஓடுகிறவர்களில் பல பேருக்கு இது ஏதோ ஒரு காலில் நடந்திருக்கும்.

என் பாதை எப்போதும் ஒன்றுதான். விடிகாலை நாலே காலுக்குத் தேரடியில் கிளம்பி, பட்டினத்தார் சமாதி பக்கம் வந்து, எண்ணூர் விரைவுச் சாலையைப் பிடித்து காசிமேடு வரை போய்த் திரும்புவேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், காற்று திரும்பினால் மணலித் தொழிற்சாலை வாடை வரும். ஆனாலும் கல் கொட்டிய கரையில் அலை அடிக்கிற சத்தத்தோடு ஓடுவது எனக்கு வேறெங்கும் கிடைக்காத சுகம். வண்டி எதிரே வருவது தெரிய வேண்டும் என்று எப்போதும் சாலையின் வலது ஓரமாகவே ஓடுவேன். போகும்போது ஊர்ப்பக்க ஓரம், வரும்போது கடல்பக்க ஓரம்.

அப்படி ஓடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரத்துக்குச் சரிந்திருக்கும். எதிர்வண்டியைப் பார்த்து ஓடுகிறவனுக்குப் போகும்போதும் வலது கால்தான் பள்ளத்தில், வரும்போதும் வலது கால்தான் பள்ளத்தில். இரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடியிருக்கிறேன். வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஏன் அடிக்கடி முணுமுணுக்கிறது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டபோது, அவர் என் முழங்காலைத் தொடுவதற்கு முன்னால் "எந்த ரோட்டுல, எந்தப் பக்கம் ஓடுறீங்க?" என்றுதான் கேட்டார். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே போய்ச் சேரும் அந்தத் தடித்த பட்டைக்கு ஐ.டி. பேண்ட் என்று பேர். முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும் இடத்தில்தான் அதற்கு அழுத்தம் அதிகமாம்.

ஆனால் மாசியில் முதலில் வந்தது முழங்கால் வலி இல்லை. இடது குதிகாலுக்கு மேலே, இரண்டு விரல் அகலம் தாண்டி, பின்பக்க நரம்பில் ஒரு இறுக்கம். நரம்பு என்று நாம் சொல்கிறோம், உண்மையில் அது தசைநாண், அக்கிலிஸ். காலையில் எழுந்ததும் பத்து அடி வரைக்கும் கயிறு போட்டு இழுத்த மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்து இரண்டு கிலோமீட்டர் போனால் கரைந்துவிடும். கரைந்துவிட்டதே என்றுதான் இரண்டாவது வாரம் 54 ஓடினேன். வீட்டில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். "படியில ஏன் பக்கவாட்டுல இறங்குறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி இறங்குவது அதுவரை எனக்கே தெரியாது.

அந்த வாரக் கடைசியில் காசிமேட்டில் நின்றுவிட்டேன். மீன் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது, தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். கால் வழுக்கி, சமாளிக்க எட்டி வைத்ததில் குதிகால் சுள்ளென்றது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, கால இழுக்குற?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் உடைந்த ஐஸை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளி முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார். ஓட ஓட வலி போய்விடுகிறது, அதனால் பரவாயில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "வலை இழுக்குறவனுக்கு அன்னிக்கித் தோளு வலிக்காது தம்பி. மறுநா காலைல சட்டை மாட்டச் சொல்லு. அப்பதான் இன்னான்னு தெரியும்."

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். தசைநாண் ஓடும்போது உண்மை பேசாது, சூடேறியதும் அடங்கிவிடும். ஓட்டத்துக்கு அடுத்த நாள் காலை வைக்கிற முதல் அடியில் எவ்வளவு வலி என்று பத்துக்கு மார்க் போடுங்கள், முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் நேற்று ஓடியது அதிகம் என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார். அன்றிலிருந்து நோட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன், 'முதல் அடி' என்று.

அவர் கொடுத்த பயிற்சிக்கு ஒரு கதை உண்டு. ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-ல் எழுதி வெளியிட்ட முறை அது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் குதிகாலை மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை, மூன்று சுற்று. மடக்கி வைத்து 15 தடவை, மூன்று சுற்று. காலையும் மாலையும் செய்தால் ஒரு நாளைக்கு 180 வரும். 12 வாரம் செய்ய வேண்டும். பாதியில் விட்டவர்கள்தான் நிறையப் பேர் என்றார். நான் விடமாட்டேன்.

சரி, ஏலகிரி. எங்கள் பக்கம் மேடு என்றால் மேம்பாலம்தான். மலை ஏற எங்கே பழகுவது? நாங்கள் இருப்பது ஹவுசிங் போர்டு பிளாக். தரையிலிருந்து மொட்டை மாடி வரை 72 படி. தை முழுக்க வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு தடவை ஏறினேன். இரண்டாவது மாடிப் பாட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணிக்கை சொல்வார். அதனால் ஏறுவதில் எனக்குப் பயம் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினேன், மூச்சு வாங்குகிற நேரம் அது என்று நினைத்து. இறங்கப் பழகவே இல்லை. மலையில் என்னை உட்கார வைத்தது அதுதான்.

சனிக்கிழமை ஜோலார்பேட்டையில் ரயில் இறங்கி, 14 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி, அத்தனாவூரில் தங்கினோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டம். நம்ம ஊரின் பிசுபிசுப்பிலிருந்து போனவனுக்கு அந்தக் குளிர் காற்றில் மூச்சே வேறு மாதிரி இருந்தது. மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறுகிற பாதை செங்குத்து. உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர். எல்லாரும் நடந்தோம், நடப்பதுதான் சரி. மேலே நின்று பார்த்தபோது சமவெளி முழுக்கப் பனிமூட்டம், கண் கலங்கிவிட்டது எனக்கு. திருவொற்றியூரில் கல்லையும் கடலையும் பார்த்து வளர்ந்தவன் நான், காலால் ஏறிய முதல் மலை அது.

இறக்கத்தில்தான் வினை. மாசியில் மரங்கள் இலை உதிர்த்துப் பாதை முழுக்கச் சருகு. சருகுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருண்டைக் கற்கள். எங்கே கால் நிற்கும் என்று தெரியாது. பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, நீட்டி நீட்டி அடி வைத்து, ஒவ்வொரு அடியிலும் குதிகாலைக் குத்தி பிரேக் போட்டேன். 17-வது கிலோமீட்டரில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் யாரோ கத்தியால் கீறிய மாதிரி ஆனது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்ட நின்றிருந்த உள்ளூர்ப் பையன், பதினேழு பதினெட்டு வயது இருக்கும், காலில் ரப்பர் செருப்பு. "அண்ணே, குதிகால ஊனாதீங்க. பொடி அடியா வையுங்க, முட்டிய இறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கிக் காட்டினான். கோழி நடப்பது போல டக் டக்கென்று சின்னச் சின்ன அடி. இடுப்பு காலுக்கு நேர் மேலே, கை இரண்டும் விரிந்து, பார்வை நாலு அடி முன்னால். அவன் பின்னாலேயே அரை கிலோமீட்டர் போனேன். வலி போகவில்லை, ஆனால் தாங்கும்படி ஆனது. மீதியை நடையும் ஓட்டமுமாக 4 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். அந்தத் தம்பியின் கையைப் பிடித்து நன்றி சொல்லாமல் வந்தது இன்னும் மனசை அறுக்கிறது.

ஊர் திரும்பியதும் பத்து நாள் ஓடுவதில்லை என்று பிசியோதெரபிஸ்டுக்கும் மனைவிக்கும் வாக்குக் கொடுத்தேன். அது தியாகராஜர் கோயில் மாசித் திருவிழா நேரம். மகிழடி சேவை பார்க்கப் போயிருந்தோம். சங்கிலி நாச்சியாரைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போனதே, அந்தச் சத்தியத்தைத்தான் அன்றைக்கு நடத்திக் காட்டுவார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த நாளே, நாலாவது நாள், நடக்கும்போது வலிக்கவில்லை என்று 9 கிலோமீட்டர் ஓடினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் முதல் அடிக்குப் பத்துக்கு 7. குதிகாலைத் தரையில் வைக்க முடியவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஷூவை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள். எத்தனை நாளில் திரும்ப ஓடினீர்கள், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று தெரிய வேண்டும்.

காசிமேடு:

அண்ணா, எனக்கு மேலே இல்லை, அடியில். பாதத்தின் உள்பக்கக் குதிகால். நான் நர்ஸ், ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றே இருப்பேன். போன வருஷம் 10 கிலோமீட்டர் போட்டிக்குத் தயாரானபோது ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடி ஆணி மேல் வைத்த மாதிரி. நீங்கள் சொன்ன 'முதல் அடி' கட்டம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் வைத்து உருட்டினேன், அப்போதைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். எனக்குக் கேட்டது வேறு. ஒரு துண்டைச் சுருட்டி, கால் விரல்கள் மேல்நோக்கி வளைகிற மாதிரி அதன் மேல் வைத்து, படியில் நின்று ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும். மூன்று எண்ணி ஏறு, இரண்டு எண்ணி நில், மூன்று எண்ணி இறங்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்று மாதம் ஆயிற்று, ஆனால் திரும்ப வரவில்லை. அப்புறம் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டேன். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை, சாமி ரூம் பக்கம் மட்டும் கழற்றிவிடுவேன் என்று ஒத்துக்கொண்ட பிறகு விட்டார்கள்.

அந்த ஐஸ் தாத்தா எங்கள் தெருதான் என்று நினைக்கிறேன். சொல்கிறேன் அவரிடம்.

மணலி:

தம்பி, உங்களுக்கு இருப்பது தசைநாண். கொஞ்சம் ஓய்வு, கொஞ்சம் பளு என்று சரியாகிவிடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகள் படிக்கட்டும்.

கணுக்காலுக்கு மேலே, கணைக்கால் எலும்பின் உள்பக்கம் வலித்தது. முதலில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலி. அது கணைக்கால் எலும்பு வலி, ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு தடவை வரும் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். மூன்று வாரம் கழித்து வலி ஒரே இடத்துக்கு வந்துவிட்டது. ஒற்றை விரல் வைத்தால் அந்தப் புள்ளியில் உயிர் போகும், ராத்திரி படுத்திருக்கும்போதும் விண் விண் என்று தெறிக்கும். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நானும் சந்தோஷமாக ஓடினேன். பிறகு வேறொரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், அதில் தெரிந்தது மயிரிழை விரிசல். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜமாம். எட்டு வாரம் ஓட்டம் இல்லை, முதல் சில வாரம் ஊன்றுகோல்.

பரவலாக வலித்தால் குறைத்து ஓடுங்கள். விரல் நுனி அளவு இடத்தில் வலித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். இதில் பேரம் கிடையாது.

திரும்ப ஆரம்பித்தபோது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து தடவை. அதையும் ரோட்டில் செய்யாதீர்கள். ஸ்கூல் கிரவுண்டில் பாதி நேரம் வலஞ்சுற்றாக, பாதி நேரம் இடஞ்சுற்றாக ஓடினால் உங்கள் வலது முட்டிக்கும் நல்லது.

திருவொற்றியூர் தேரடி:

நன்றி அண்ணா, நன்றிம்மா. பாட்டியிடமும் சொல்லிவிட்டேன், இனிமேல் ஏறுவதை எண்ண வேண்டாம், இறங்குவதை எண்ணுங்கள் என்று. அதே 72 படி, கைப்பிடி தொடாமல், பொடி அடியாக. இப்போதைக்கு ஒரு மாடி மட்டும். குதிகால் இறக்குகிற பயிற்சி 19-வது நாள், ஒரு வேளைகூட விடவில்லை.

பங்குனி முதல் பக்கம் இன்று எழுதினேன். கிலோமீட்டர்: 0. முதல் அடி: 3. நேற்று 4 இருந்தது. 2-க்கு வந்து மூன்று நாள் அங்கேயே நின்றால் ஷூவைப் பரணிலிருந்து இறக்கித் தருவதாக அவள் சொல்லியிருக்கிறாள்.