முதல் லத்தீன் ஜாஸ் ஆல்பம்: குரல் சேர்ந்ததும் தாளம் இடறுகிறது

கேள்வி: பாடகியின் முதல் ஆல்பம். காங்கா முரசு, பியானோ, பேஸ் எல்லாம் தனியாகக் கேட்டால் சரி. குரல் சேர்ந்தால் இடிக்கிறது. எங்கே தவறு?

பதில் 1: கிளாவே, அதாவது பாட்டு முழுதும் ஓடும் ஐந்தடித் தாளக் கோலம், மெட்டுக்கு மாறாகத் திரும்பியிருக்கும். இரண்டு பார்களை (ஒரு பாருக்கு நான்கு தட்டு, தட்டுக்கு இரண்டு துடிப்பு) 16 துடிப்பாக எண்ணுங்கள். முதல் பாரில் மூன்றடி, அடுத்ததில் ஈரடி என வரும் 3-2 சோன் வகைக் கிளாவேயின் அடிகள் 1, 4, 7, 11, 13-இல் விழும். மூன்றடிப் பக்கம் தள்ளியடிப்பு (தட்டுகளுக்கு இடையிலும் அடி விழும்), ஈரடிப் பக்கம் நேரடிப்பு (தட்டின் மேலேயே விழும்). மெட்டின் நேரான சொற்கள் மூன்றடிப் பக்கத்தில் விழுந்தால் இப்படித்தான் மல்லுக்கட்டும். பாடகியைத் திருத்தாதீர்கள், முன்னிசையில் ஒரு பார் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். கிளாவே நிற்காமல் ஓடுவதால் மெட்டு மறுபக்கத்தில் போய் அமரும். ரும்பா வகைக் கிளாவே என்றால் மூன்றாம் அடி 7-இல் அல்ல, 8-இல்.

பதில் 2: பேஸையும் கவனியுங்கள். தும்பாவோ எனும் திரும்பத் திரும்ப வரும் கோலத்தில் பேஸ் பெரும்பாலும் முதல் தட்டை விட்டுவிடும். நான்காம் தட்டிலேயே அடுத்த பாரின் ஸ்வரத்தை எடுத்துவிடும். அதை ‘ஒன்று’ என நினைப்பவர் ஒரு தட்டு முந்துவார். பாடகியின் ஹெட்ஃபோனில், தட்டு எண்ணும் மெட்ரோனோமுக்குப் பதில் கிளாவே கொடுங்கள்.

பதில் 3: கியூபப் பாடகி கிராசியேலாவின் பாட்டுகளைக் கேளுங்கள். ஹவானாவின் பெண்கள் குழு அனகாவோனாவில் பாடியவர், 1943-இல் நியூயார்க்கில் மச்சிட்டோவின் ஆஃப்ரோ-கியூபன்ஸ் இசைக்குழுவில் சேர்ந்தார். பொலேரோ எனும் மெதுவான காதல் பாட்டில் அவர் சொற்களைத் தாமதித்து விடும் அழகே தனி. அப்போதும் கிளாவே நழுவாது.